முள் கொப்போடு எடுத்த முதல் படம்

காளான் கணக்கெடுப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் எழுதி அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். எந்த லென்ஸ் நல்லது, மழையில் கேமராவை எப்படிக் காப்பது, அரை விரல் உயரக் காளானுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், அட்டைக்கு என்ன தடவுவது. லென்ஸ் விஷயத்தைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். வெளிச்சத்தை, இரண்டு மழைக்காலம் குப்புறப் படுத்துக் கிடந்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். அட்டை எதைத் தடவினாலும் கடிக்கும். ஆகவே இதற்கெல்லாம் பதில் எழுதி என் கண்ணைக் கெடுத்துக்கொள்வதாக இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு நாள் காலையில் நான் செய்த தப்பைப் பற்றியது. அலுவலகக் கோப்பில் அது இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. என்ன நடந்தது என்று மட்டும்தான் அதில் இருக்கும். என்ன நினைத்துக்கொண்டு அதைச் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

நான் இராசிபுரத்தில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாணப் போட்டோக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. பிரேமுக்குள் வேண்டாதது எது தெரிந்தாலும் கை பரபரக்கும். மணவறை ஓரம் கிடக்கிற தண்ணீர் பாட்டில், யாரோ கழற்றிப் போட்ட செருப்பு, மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்று வாழைப்பழம் தின்கிற மாமா, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். படம் சுத்தமாக இருக்கும் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் நம் அலுவலகத்தில் என்னை ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள். அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. காளானைப் பற்றி, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற குருமாவுக்கு மேல் ஒன்றும் தெரியாது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். குழுவின் ஆராய்ச்சியாளர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். முதல் நாள் ஒரு பட்ட மரத்தடியில் குண்டூசித் தலை அளவில் ஆரஞ்சு நிறக் காளான்களைப் பார்த்தேன். சுற்றியிருந்த சருகையெல்லாம் பொறுக்கினேன், ஒட்டியிருந்த மண்ணைக் கைக்குட்டை முனையால் துடைத்தேன், தண்ணீர் தெளித்தேன், பெண் அலங்காரம் முடித்த திருப்தியோடு படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"ரொம்ப அழகா இருக்கு. எந்த மரத்துச் சருகுல முளைச்சிருந்துச்சு?" என்று கேட்டார்.

"சருகைத் தூக்கிப் போட்டுட்டனுங்களே மேடம்."

"அப்ப இதை வச்சு நான் என்ன பண்றது? காலண்டர்தான் அடிக்கணும்."

அன்றைக்கு அவர் இரண்டு கட்டளை போட்டார். கை வைப்பதற்கு முன்னால், கிடந்தது கிடந்தபடி ஒரு படம் எடுக்க வேண்டும். அதன் பிறகு எதை நகர்த்தினாலும், வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். முதல் கட்டளையை நான் ஒரு நாளும் மீறியதில்லை. சாயங்காலம் மேடம் கேமராவை வாங்கி வரிசையாகப் பார்ப்பார், மீறினால் மாட்டிக்கொள்வேன். இரண்டாவதை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அதனால் அது ஞாபகம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இனி அந்த நாள். எனக்கு அது நான்காவது மழைக்காலம். ஊரில் ஒரு காலி வீட்டில் மேடமும், பக்கத்து அறையில் நானும் ஜீப் டிரைவரும் தங்கியிருந்தோம். சாப்பாடு பழனியம்மா வீட்டில். அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவரும் அவர் வீட்டுக்காரர் பெரியசாமியும் குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், மிளகும் போட்டிருந்தார்கள். பெரியசாமி அதிகம் பேச மாட்டார். பழனியம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

பழனியம்மா வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காட்டுக் காளானைப் பறித்தவர்தான் அதை முதலில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஆக வேண்டும். அதன் பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு, விருந்தாளிகளுக்கு. முதல் வருடம் நான் பசியில் தட்டோடு உட்கார்ந்து, "எதுக்கும்மா இந்தக் காத்திருப்பு?" என்று கேட்டேன். "பறிச்ச கை மொதல்ல தின்னோணுமுங்க. தெரியாமப் பறிச்சிருந்தா எனக்கு மட்டும் ஆகட்டும், ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ஆகப்படாது" என்றார். ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சில காளானின் விஷம் ஒரு மணி நேரத்தில் காட்டிக்கொள்ளாது என்று மேடம் எடுத்துச் சொல்லியும் பார்த்தார். பழனியம்மா வழக்கத்தை விடவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. கரையான் புற்றோரம் காளான் கிளம்புவதை முதலில் பார்த்தவர் ஒரு பச்சைத் தழையை ஒடித்துக் கல்லுக்கு அடியில் செருகிவிட்டுப் போவார். ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் பறிக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தழைக்குப் பதிலாக முள் கொப்பைக் குறுக்கே போட்டிருந்தால், அங்கே பூச்சி மருந்து இருக்கிறது, தொடாதே என்று பொருள். மூன்று மழைக்காலம் அந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டவன் இதைக் கேட்டு வைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

காலை ஏழரை மணி இருக்கும். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. பெரியசாமியின் குச்சிக்காட்டு ஓரம், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் ஒன்றின் அடியில் ஒரு கரையான் புற்று. அதைச் சுற்றி மூன்றடி தூரத்துக்கு அரிசிக் காளான். நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான், நூற்றுக்கணக்கில் கிளம்பும், படியரிசியைக் கொட்டி வைத்தது போல இருக்கும். அதன் குறுக்கே ஒரு காய்ந்த முள் கொப்பு கிடந்தது. மேடம் மேலே சரிவில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் கட்டளைப்படி கிடந்தது கிடந்தபடி ஒரு படம் எடுத்தேன். பிறகு கொப்பை இரண்டு விரலால் தூக்கிப் பின்னால் குச்சிக்கிழங்கு வரிசைக்குள் போட்டேன்.

குப்புறப் படுத்து எடுத்தேன். மேகம் விலகி, மரத்தின் ஊடே வெளிச்சம் சாய்ந்து வந்து ஒவ்வொரு குடையின் விளிம்பிலும் நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல படம் நான்கோ ஐந்தோதான் எடுத்திருப்பேன். இவ்வளவு நடந்த பிறகும் அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

படுத்திருக்கும்போது மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறியது. அட்டைக்காக நான் புகையிலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் காலுறையில் தடவிக்கொள்வேன். என் கால் வாடைதான் என்று நினைத்துக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம் பெரியசாமி அந்தப் புற்றில் கரையான் மருந்தைக் கலக்கி ஊற்றியிருந்தார். மிளகுக் கொடியின் அடியைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. ஊற்றிவிட்டு முள்ளைப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் விடியலில் முதல் பஸ்ஸுக்குச் செம்மேடு கிளம்பிவிட்டார். முள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வீட்டில் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது படம் எடுக்கும்போது மேடம் சரிவிலிருந்து கத்தினார். "சார், சீக்கிரம் வாங்க. நீலக் கிண்ணம். வெயில் இப்ப விழுந்திருக்கு, போயிடும்." கிண்ணம் போல மரத்தில் ஒட்டி வளரும் அந்த வகையை நாங்கள் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தோம். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முள் கொப்பு கிழங்கு வரிசைக்குள்ளேயே கிடந்தது. திரும்பும்போது நாங்கள் வேறு தடத்தில் வந்தோம்.

பதினொன்றரைக்கு மறுபடியும் மழை. பன்னிரண்டு மணிக்குப் பழனியம்மா வீட்டுக்குப் போனால், வாசலிலேயே வாசனை.

"இன்னைக்கு உங்களுக்கு அரிசிக் காளான் கொழம்புங்க. நான் இப்பத்தான் தின்னேன். ஒரு மணி ஆகட்டும், போடறேன்" என்றார்.

மேடம் நோட்டை விரித்து எழுத உட்கார்ந்தார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் ஜீப்பில் தூங்கினார். அரை மணி கழித்துப் பழனியம்மாவின் செல்போன் அடித்தது, செம்மேட்டிலிருந்து பெரியசாமி. அந்த வீட்டில் ஜன்னலோரம் ஒரே ஓர் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அவர் பேசியது எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"ஆமாங்க, பறிச்சேன்... சில்வர் ஓக்குப் புத்துலதான்... முள்ளா? முள்ளு ஒண்ணும் இல்லீங்களே... அலோ... அலோ..."

லைன் அறுந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், காத்தால நீங்க அந்தப் பக்கந்தான போனீங்க? புத்து மேல முள்ளுக் கொப்பு கெடந்துச்சுங்களா?"

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். முள்ளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதும் தெரியாது. ஆனால் அவர் குரலில் ஏதோ இருந்தது, அது எனக்குத் தெரிந்தது. மேடமும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். இருந்தது, நான்தான் எடுத்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி மேடத்திடமிருந்து வரும்: திரும்ப வச்சீங்களா? எட்டு வயது இளையவர் முன்னால், ஒரு குச்சிக்காக, நாற்பத்தைந்து வயது ஆள் தலை குனிந்து உட்கார வேண்டும். அந்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம் வேறு. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் மனதில் ஓடியது.

"இல்லீங்களே. நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன்.

பழனியம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "அப்பக் கீழ்க்காட்டுப் புத்தச் சொல்றாரு போல. அவரு சொல்றது எதுதான் நமக்கு வெளங்குது" என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். மேடமும் எழுதப் போய்விட்டார். தப்பித்தேன் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பத்து நிமிடம் போயிருக்கும். பழனியம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தல கிறுகிறுங்குதுங்க" என்றார். அந்தக் குளிரில் அவர் கழுத்தெல்லாம் வேர்வை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார், எச்சில் நிற்கவில்லை. வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்தவரால் நிற்க முடியவில்லை, அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் ஓடி வந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். என்னிடம் டிரைவரை எழுப்பச் சொன்னார். நான் எழுப்பிவிட்டு வருவதற்குள் குழம்புச் சட்டியை ஒரு தட்டத்தில் கவிழ்த்து, காளானை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அரிசிக் காளான்தான். ஆனா நடுவுல வேற ஏதோ வெள்ளைக் காளான் சின்னதா கலந்திருக்கணும். எதுன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர்கிட்டச் சொல்ல முடியும். வெந்துபோச்சு, அடையாளமே தெரியல" என்றார். மறுபடியும் முதலிலிருந்து தள்ளிப் பார்த்தார். இல்லாத ஒரு காளானை அவர் தேடிக்கொண்டிருந்தார். தேட வைத்தது நான்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க காலைல அந்தப் புத்தத்தான படம் எடுத்தீங்க? காட்டுங்க. பெரிசு பண்ணிப் பாத்தா வேற ஏதாவது கலந்திருக்கான்னு தெரியும்" என்றார்.

கேமராவை எடுத்தேன். திரையில் முதலில் வந்தது கடைசியாக எடுத்த நீலக் கிண்ணம். பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஏழு, ஆறு, ஐந்து. வெளிச்சம் சாய்ந்த அழகான படங்கள், முள் இல்லாதவை. இரண்டாவது படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம், அது நன்றாகத் துலக்கமாக இருந்தது. முதல் படம் வந்தது. முள் கொப்பு பிரேமின் குறுக்கே கிடந்தது. என் கட்டைவிரல் அழிக்கிற பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தினால் அந்த முள்ளை நான் பார்த்ததற்குச் சாட்சி உலகத்தில் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பழனியம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஏனுங்க, அவருக்குப் போன் போடுங்க" என்று முனகினார். அப்போதுதான் விரலை எடுத்தேன்.

மேடத்திடம் கேமராவை நீட்டினேன். "முள்ளு இருந்துச்சு மேடம். நான்தான் எடுத்துப் போட்டேன். திரும்ப வைக்கல. அந்தம்மா கேட்டப்பப் பொய் சொல்லிட்டேன்."

பழனியம்மா கண்ணைத் திறந்தார். என்னைத்தான் பார்த்தார். "முள்ளு போட்டா மருந்துங்க. கரையானுக்கு ஊத்திருப்பாரு. சாளைல பாட்டில் இருக்குது" என்று மேடத்திடம் சொன்னார்.

மேடம் கேமராவைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "பாட்டிலை எடுத்துட்டு வாங்க, ஓடுங்க" என்றார். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், பலகை மேல் பாட்டில் இருந்தது. மூடியைத் திறக்காமலே வாடை தெரிந்தது. காலையில் என் காலுறை என்று நான் நினைத்த அதே வாடை.

ஜீப்பில் பின் சீட்டில் மேடத்தின் மடியில் பழனியம்மாவின் தலை. நான் முன்னால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேர ரோடு. நடுவில் ஒரு மேட்டில் சிக்னல் வந்தது, பெரியசாமிக்குப் போன் போட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். டாக்டர் சின்ன வயதுக்காரர். சேலையில் வீசிய காளான் குழம்பு வாசனையை வைத்து, "காளானா? என்ன காளான்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"காளான் நல்ல காளானுங்க டாக்டர். மேல கரையான் மருந்து ஊத்தியிருக்கு. இதுதான் பாட்டில். பன்னண்டு மணிக்குச் சாப்பிட்டாங்க. மருந்து இருக்குன்னு போட்டு வச்ச அடையாளத்த நான்தான் எடுத்துட்டேன்" என்றேன். முதல் படத்தையும் காட்டினேன்.

அவர் பாட்டிலைப் படித்தார், டார்ச் அடித்துப் பழனியம்மாவின் கண்ணைப் பார்த்தார், கண்மணி சுருங்கியிருந்தது. உடனே ஊசிக்குச் சொன்னார். பிறகு ஆம்புலன்ஸில் மலையிறக்கினார்கள். எழுபது வளைவும் இறங்கி முடியும்வரை பெரியசாமி பழனியம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நாங்கள் ஜீப்பில் பின்னாலேயே போனோம். கிளம்பும்போது டாக்டர் மேடத்திடம், காளான் என்று மட்டும் சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் வேறு வழியில் யோசித்திருப்பேன் என்று சொன்னார். மேடம் அதை என்னிடம் அப்படியே சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகவா, குத்துவதற்காகவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார் பழனியம்மா. முதல் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் நாளே வராந்தாவில் பெரியசாமியிடம் நானே போய்ச் சொன்னேன். மேடம் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த மனிதர் அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்று. அவர் முழுவதையும் கேட்டார். "தெரியாம எடுத்துட்டீங்க, செரி. அவ வாயத் தொறந்து கேட்டாளேங்க" என்றார். எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

நான்காவது நாள் பழனியம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டீங்களா சார்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். அவர் கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"முள்ள எடுத்ததுக்கு எனக்குக் கோவமில்லீங்க. உங்களுக்கு அது தெரியாது. நானும் சொல்லி வைக்கல. கேட்டனே, அப்ப ஏனுங்க இல்லேன்னீங்க? இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா அப்பவே வெரல விட்டு வாந்தி எடுத்திருப்பனே."

மேடம் என்ன நினைப்பாரோ என்று பயந்தேன் என்று சொன்னேன். அவர் மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்கா?" என்றார்.

அலுவலகத்துக்கு அறிக்கையை என் கையாலேயே எழுதச் சொன்னார் மேடம். படித்துவிட்டு ஒரு வரியையும் மாற்றாமல் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். இரண்டாவது கட்டளை நடக்கிறதா என்று தான் ஒரு நாளும் பார்க்கவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார். ஒரு வருடம் எனக்கு ஒப்பந்தம் இல்லை. திரும்ப ஸ்டுடியோவைத் திறந்து கல்யாணப் படம் எடுத்தேன். அடுத்த வருடம் மேடமே கூப்பிட்டார். வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். "வராம இருந்தா யாருக்கு என்ன லாபம்? முள்ளப் பத்தித் தெரிஞ்ச போட்டோக்காரர் என்கிட்ட ஒருத்தர்தான் இருக்கார்" என்றார். போனேன்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது எதையும் தொடாதீர்கள் என்பதல்ல. தொடாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. சருகை விலக்குவீர்கள், குச்சியை நகர்த்துவீர்கள், ஒரு நாள் திரும்ப வைக்க மறப்பீர்கள். அந்த ஊர் அடையாளங்கள் எல்லாவற்றையும் உங்களால் கேட்டு முடிக்கவும் முடியாது, ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கும். மறந்ததை யாராவது கேட்கும்போது உங்கள் பக்கத்தில் மேலதிகாரி உட்கார்ந்திருப்பார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயமாக இருக்கும். ஆமாம் என்று சொல்லுங்கள். காரணம், விளக்கம், மன்னிப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் பத்து நிமிடம் தாமதித்தேன். அந்தப் பத்து நிமிடமும் மருந்து பழனியம்மாவின் வயிற்றில் இருந்தது.

இன்னும் ஒன்று. அடுத்த வாரம் நீங்கள் அந்த ஊருக்குப் போகிறீர்கள். அங்கே காட்டோரம் பாயை விரித்துக் குப்புறப் படுத்தால், எங்கிருந்தோ ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பார். பெரும்பாலும் பழனியம்மாவே வருவார், இல்லாவிட்டால் அந்த வீட்டு ஆள் யாராவது. போன வருடம் வந்த ஒரு பையன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். அந்தம்மா வேடிக்கை பார்க்க வந்து வெளிச்சத்தை மறைக்கிறார், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாலும் நகரவில்லை, நீங்கள் பழகினவர்தானே, சொல்லி வையுங்கள் என்று. அவர் வேடிக்கை பார்க்க வரவில்லை. கேமராவைப் பார்க்க மாட்டார், காளானையும் பார்க்க மாட்டார். உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்க வைத்தவன் நான். வெளிச்சம் மறைந்தால் மறையட்டும், தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள்.

அதன் பிறகு பதினோரு மழைக்காலம் நான் அவர் காட்டில் படம் எடுத்தேன். பதினோரு வருடமும் அவர் கையால் சாப்பிட்டேன். என் மகள் கல்யாணத்துக்கு அவரும் பெரியசாமியும் பலாப்பழத்தோடு வந்து இரண்டு நாள் தங்கினார்கள். ஆனால் காட்டில் நான் படுத்தால் பழனியம்மா வந்து நிற்பார், ஒரு நாளும் தவறியதில்லை. ஓய்வு பெறுகிற மாதம் கடைசியாகப் போனபோதும் நின்றார். கல்லுக்கு அடியில் யாரோ செருகியிருந்த ஒரு பச்சைத் தழையை எடுத்துவிட்டுப் படம் எடுத்தேன். முடித்ததும் தழையை அதே கல்லுக்கு அடியில், அதே பக்கம் சாய்த்துச் செருகினேன். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "வச்சுட்டனுங்க" என்றேன்.

"செரீங்க சார்" என்றார். பிறகு குனிந்து, கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார்.